அளவு மீறிய பணிவு

1971இல் பிரான்ஸில் ஒரு பாட்டு வெளிவந்தது. பெயர் 'மெர்சி பத்ரோன்', அதாவது 'நன்றி, முதலாளி'. பாடியவர்கள் 'லே ஷார்லோ' என்ற ராக் குழுவினர். ஆலைத் தொழிலாளர்கள் ஒன்றுகூடித் தங்கள் முதலாளியை வாழ்த்துவதாக அமைந்த பாட்டு அது. வேலைக்கு வந்து சேர்ந்ததுமே அவர்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எட்டு மணி நேரம் உழைக்கப்போகிறோம் என்ற நினைப்பே இனிக்கிறது. நேரம் பதியும் கருவியை நோக்கி உற்சாகமாக விரைகிறார்கள். மாதக் கடைசியில் முதலாளியின் பணத்தை வாங்கிக்கொள்வதை எண்ணிக் கூசிப்போகிறார்கள். இவ்வளவு நன்மை செய்தவருக்குக் கைம்மாறு செய்யாமல் இருக்கலாமா? தங்கள் இன்பத்தில் அவருக்கும் ஒரு பங்கு தர முன்வருகிறார்கள். அவர் வந்து இரும்புத் தகட்டை அராவட்டும், முதலாளியின் கவலைகளை இவர்கள் சுமந்துகொள்வார்கள்.

பாட்டு முழுவதிலும் ஒரு வசைச்சொல் கிடையாது. கூலி உயர்வு கேட்கவில்லை, வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மெட்டும் கூட்டமாகச் சேர்ந்து பாடத் தோதான எளிய, களிப்பான மெட்டு. இருந்தும் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கியபோதெல்லாம் இந்தப் பாட்டு அவர்களோடு வந்திருக்கிறது. போராட்டத்துக்கென்றே எழுதப்பட்ட எத்தனையோ பாடல்கள் தம் காலத்தோடு அடங்கிப்போக, சிரிக்கவைப்பதற்காக எழுதப்பட்ட இது நிலைத்துவிட்டது. ஏன் என்ற கேள்விக்கு விடை இந்தக் குழு எழுந்துவந்த வழியிலேயே கிடக்கிறது.

பகடி என்றால் பிறரைப் போலச்செய்து நகையாடுவது என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். லே ஷார்லோவின் விஷயத்தில் அந்த விளக்கம் பாதி தூரம்தான் செல்லும். அவர்களுடைய சிறந்த பாடல்களில் பகடிக்கு உள்ளாவது பணிகிறவனின் குரல், அதாவது அவர்களுடைய சொந்தக் குரல். சொன்னதைக் கேட்டு நடப்பவன் எப்படிப் பேசுவானோ அப்படியே பேசினார்கள். ஒரு படி கூடுதலாகப் பேசினார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு படிதான் அவர்களுடைய கலை என்று நான் நினைக்கிறேன்.

*

பிரெஞ்சு மொழியில் ராக் இசை முதலில் வந்ததே கேலியாகத்தான். 1956இல் மூன்று பேர் சேர்ந்து சில ராக் பாடல்களைப் பதிவு செய்தார்கள். வரிகளை எழுதியவர் போரிஸ் வியான்: நாவலாசிரியர், டிரம்பெட் வாசித்தவர், ஜாஸ் விமர்சகர். பாடியவர் ஆன்றி சால்வதோர். இசை மிஷெல் லெக்ரான். மூவருமே இசைத்தட்டில் தங்கள் சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. சால்வதோர் 'ஹென்றி கார்டிங்' ஆனார், வியான் 'வெர்னன் சின்க்ளேர்' ஆனார், லெக்ரான் 'மிக் பைக்' ஆனார். ஜாஸில் ஊறியிருந்த வியானுக்கும் சால்வதோருக்கும் ராக் மீது மதிப்பில்லை. அமெரிக்காவிலிருந்து வரும் இந்தப் புதுச் சத்தத்தை விளையாட்டாக எண்ணித்தான் செய்தார்கள். ஆனால் பிரெஞ்சு ராக்கின் வரலாற்றை எழுதுகிறவர் எவரும் அந்தத் தட்டுகளிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அதற்குப் பின்னால் வந்தது 'யே-யே' அலை. 'சல்யூ லே கொப்பேன்' என்ற வானொலி நிகழ்ச்சியும் அதே பெயரில் தொடங்கிய இதழும் ஒரு தலைமுறையையே திரட்டின. 1963 ஜூன் 22ஆம் தேதி இரவு, பாரிஸின் நாஸியோன் சதுக்கத்தில் அந்த இதழுக்காக நடந்த இசை நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் இளைஞர்கள் திரண்டார்கள். சமூகவியலாளர் எட்கார் மொரேன் 'ல மோந்த்' நாளிதழில் அவர்களைப் பற்றி எழுதியபோது 'யே-யே' என்ற பெயர் நிலைபெற்றது. அந்த அலையின் நட்சத்திரங்கள் பாடியவற்றில் பெரும்பகுதி அமெரிக்க, ஆங்கிலப் பாடல்களின் பிரெஞ்சு வடிவங்கள். பெயர்களும் அப்படியே. ழான்-பிலிப் ஸ்மெத் என்பவர் ஜானி ஹாலிடே ஆனார், க்ளோத் முவான் என்பவர் எடி மிட்செல் ஆனார். 1961இல் ஹாலிடே பாடிய ட்விஸ்ட் பாட்டு சப்பி செக்கருடைய பாட்டின் பிரெஞ்சு உருவம். 1962இல் ரிச்சார் அந்தோணி பாடிப் புகழ்பெற்ற ரயில் பாட்டு ஓர் அமெரிக்க நாட்டார் பாணிப் பாட்டிலிருந்து வந்தது.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த இசையும் ஊர்விட்டு ஊர் வரும்போது முதலில் இரவல் உடையில்தான் வருகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தான் போலச்செய்வதை மறைத்துக்கொண்டு பாடும் பாடகர் ஒருவர், வெளிப்படையாக ஒப்புக்கொண்டு பாடும் பாடகர் ஒருவர் என்று இரண்டு வகை அங்கே உருவாகிவிட்டது. இரண்டாவது வகையினர் நாணயமானவர்கள். அவர்களுக்கான இடம் 1960களின் நடுவில் காலியாக இருந்தது.

*

1966இன் தொடக்கத்தில் ஆந்துவான் வந்தார். மடகாஸ்கரில் பிறந்தவர், பாரிஸின் எகோல் சாந்த்ராலில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த மாணவர். நீண்ட தலைமுடி, பூப்போட்ட சட்டை, கையில் கிட்டாரும் வாயருகே ஹார்மோனிகாவும். அவருடைய 'லே எலுகுப்ரஸியோன்' என்ற பாட்டு நாடெங்கும் பரவியது. கருத்தடை மாத்திரையைச் சாதாரணக் கடைகளில் விற்கலாமே என்று அதில் ஒரு யோசனை வந்தது. கருத்தடையை அனுமதிக்கும் நியூவிர்த் சட்டம் 1967 டிசம்பரில்தான் நிறைவேறியது என்பதை நினைத்தால் அந்தப் பாட்டின் துணிச்சல் புரியும். ஜானி ஹாலிடேயை சர்க்கஸ் கூண்டில் வைத்துக் காட்டலாம் என்றும் அதில் ஒரு சீண்டல் இருந்தது. ஹாலிடே சும்மா இருக்கவில்லை. நீண்ட முடியையும் குறுகிய சிந்தனையையும் சேர்த்துத் தலைப்பு வைத்து அதே ஆண்டில் பாட்டாலேயே பதில் கொடுத்தார்.

ஆந்துவானுக்குப் பின்னணி வாசித்த குழுவின் பெயர் 'லே ப்ராப்ளெம்'. ஜெரார் ரினால்டி, ஜெரார் ஃபிலிப்பெல்லி, லூயிஸ் ரேகோ, ழான் சாரூஸ், டிரம்ஸில் தொனால்த் ரியூபோன். பாடகருக்கு விளக்கு வெளிச்சம் கிடைக்கும்போது பின்னால் நின்று வாசிக்கிறவர்கள் இவர்கள். ஆந்துவான் 'நினைப்பதைச் சொல்கிறேன், விரும்பியபடி வாழ்கிறேன்' என்ற பொருளில் தலைப்பிட்ட ஒரு பாட்டைப் பாடினார். அதே 1966இல் லே ப்ராப்ளெம் அதைத் தலைகீழாகத் திருப்பி 'வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன், சொன்னதையெல்லாம் செய்கிறேன்' என்று ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். தட்டில் போட்ட பெயர் புதியது: லே ஷார்லோ. சாப்ளினின் நாடோடிப் பாத்திரத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த செல்லப்பெயர் ஷார்லோ. பேச்சுவழக்கில் பொறுப்பற்ற கோமாளிகளையும் அப்படி அழைப்பதுண்டு. பாட்டு வெற்றி பெற்றது. விளையாட்டாக வைத்த பெயரே குழுவின் பெயராகிவிட்டது.

இந்தப் பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆந்துவானைக் கிண்டல் செய்தது என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வேறொன்று கேட்கிறது. சுதந்திரத்தைப் பாடுகிற மனிதன் முன்னால் நிற்கிறான். அவன் விரும்பியபடி வாழ்வதைக் கொண்டாடும்போது, பின்னால் ஐந்து பேர் தங்களுக்குச் சொல்லப்பட்ட சுருதியில், சொல்லப்பட்ட தாளத்தில், சொல்லப்பட்ட இடத்தில் தொடங்கி நிறுத்துகிறார்கள். சுதந்திரத்தைப் பாடுவதற்கே யாரோ சிலர் சொன்னபடி கேட்டு உழைக்க வேண்டியிருக்கிறது. 'சொன்னதையெல்லாம் செய்கிறேன்' என்ற தலைப்பு அந்த ஐவரின் உண்மைக் கதை. தங்களைப் பற்றிய உண்மையை முதன்முதலில் சொல்ல அவர்களுக்கு வாய்த்த வழி பகடி.

*

இதே ஆண்டில் குழுவுக்குள் ஒரு துயரமும் நடந்தது. லூயிஸ் ரேகோ லிஸ்பனில் பிறந்தவர், இளம் வயதிலேயே பிரான்ஸுக்கு வந்துவிட்டவர். அன்றைய போர்ச்சுகல் சலஸாரின் சர்வாதிகாரத்தில் இருந்தது. 1961இல் அங்கோலாவில் தொடங்கிய காலனியப் போர் கினியாவுக்கும் மொஸாம்பிக்குக்கும் பரவியிருந்தது. கட்டாய ராணுவ சேவைக்கு அஞ்சி ஆயிரக்கணக்கான போர்ச்சுகீசிய இளைஞர்கள் எல்லை தாண்டி பிரான்ஸுக்கு வந்துகொண்டிருந்த காலம். 1966இல் ரேகோ தாய்நாட்டுக்குச் சென்றபோது ராணுவத்துக்கு வராமல் தப்பியவர் என்று ரகசியப் போலீஸ் அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்தது. நண்பர்கள் அவருக்காக ஒரு பாட்டை வெளியிட்டார்கள். தலைப்பிலேயே அவருடைய முழுப்பெயரும் 'அரசியல் கைதி' என்ற சொல்லும் இருந்தன. அதில் பகடியில்லை. நேரடியாக, தெளிவாகப் பாடினார்கள்.

இவர்களுக்கு நேரடிப் பேச்சு கைவராமல் போய்த்தான் சிரிப்புக்குள் ஒளிந்துகொண்டார்கள் என்று எண்ணுவோருக்கு அந்தப் பாட்டே பதில். ஒரு நண்பன் சிறையில் இருக்கும்போது எந்தக் குரலில் பேச வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மற்ற நேரங்களில் சிரிப்பைத் தேர்ந்தெடுத்தது தெரிந்தே எடுத்த முடிவு.

விடுதலையாகித் திரும்பிய ரேகோ 1971இல் தன் நண்பர்களோடு ஒரு படத்தில் நடித்தார். 'லே பிடாஸ் ஆன் ஃபொலி', கட்டாய ராணுவ சேவைக்கு அனுப்பப்படும் ஐந்து இசைக்கலைஞர்களைப் பற்றிய நகைச்சுவைப் படம். ராணுவத்துக்குப் போகாததற்காகச் சிறை சென்றவர், ராணுவத்துக்குப் போகும் இளைஞனாகத் திரையில் தோன்றினார். அந்தப் படத்தைச் சிரித்துப் பார்த்த லட்சக்கணக்கானோரில் எத்தனை பேர் இதை நினைத்துப் பார்த்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சிரிப்புக்குக் கீழே அப்படியொரு வாழ்க்கை கிடந்தது. அதன் பின் ரேகோ குழுவிலிருந்து விலகித் தனி நடிகரானார். 1980களின் தொடக்கத்தில் பிரான்ஸ் அந்தேர் வானொலியில் நடந்த பொய் நீதிமன்ற நிகழ்ச்சியில் பியர் தெப்ரோஜ் அரசு வழக்கறிஞராகவும் ரேகோ எதிர்த்தரப்பு வழக்கறிஞராகவும் பேசினார்கள். 1982இல் தீவிர வலதுசாரித் தலைவர் ழான்-மரி ல பென் விருந்தினராக வந்து அமர்ந்தார். ரேகோ அவருக்காக வாதாடுவதாகச் சொல்லி, ஒரு பாசிஸ்டின் ஒரு நாள் வாழ்க்கையை விவரித்தார். தாக்க வேண்டியவரைத் தற்காக்கும் குரலில் தாக்கினார். குழுவைவிட்டுப் போனாலும் குழுவின் முறையை விடவில்லை.

*

இந்த முறை வானத்திலிருந்து விழவில்லை. பிரான்ஸில், குறிப்பாகப் பாரிஸில், தெரிந்த மெட்டில் புதிய வரிகளைப் பாடுவது நூற்றாண்டுகளாக இருந்துவரும் பழக்கம். 1811இல் பியர் காப்பெல் வெளியிட்ட 'லா க்ளே து கவோ' என்ற தொகுப்பில் மெட்டுகள் எண் வாரியாகத் தரப்பட்டிருந்தன. பாட்டெழுதுகிறவர் இன்ன மெட்டில் பாடவும் என்று குறித்துவிட்டால் போதும், இசை தெரியாதவரும் பாடிவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிலாளர்கள் கூடிப் பாடிய 'கொகெத்' மன்றங்கள் இப்படித்தான் வளர்ந்தன. அரசுகள் அந்த மன்றங்களை அச்சத்தோடு கண்காணித்தன. பாடலாசிரியர் பெரான்ஷே 1821இலும் 1828இலும் தன் பாடல்களுக்காகச் சிறை சென்றார். கொகெத்களில் பாடிவந்தவர்தான் எழேன் பொத்தியே. 1871இல் பாரிஸ் கம்யூன் வீழ்ந்தபின் அவர் எழுதிய 'லேந்தெர்னஸியோனால்' முதலில் பிரெஞ்சு தேசிய கீதமான 'லா மர்செயேஸ்' மெட்டில் பாடுவதற்காக எழுதப்பட்டது. இன்று உலகம் அறிந்த இசையை அதற்கு பியர் தெகெய்த்தர் 1888இல் லீல் நகரில் அமைத்தார்.

நாட்டின் கீதத்தை எடுத்து நாடற்றவர்களின் கீதமாக்க நினைத்த அந்த மனத்துக்கு மெட்டு என்பது பொதுச்சொத்து. அதிகாரம் ஒரு மெட்டுக்குத் தந்த மதிப்பையும் பழக்கத்தையும் இலவசமாகப் பயன்படுத்திக்கொண்டு அதில் வேறு பொருளை ஏற்றிவிடலாம். சட்டமும் இதற்கு இடம் கொடுத்தது. 1957 மார்ச் 11ஆம் தேதியின் பிரெஞ்சுப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு படைப்பு வெளியான பின் அதைப் பகடி செய்வதை ஆசிரியர் தடுக்க முடியாது என்று 41ஆம் பிரிவில் சொன்னது. அந்த வகைமையின் நெறிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சிரிப்பதற்கான உரிமையை ஒரு நாடு சட்டப்புத்தகத்தில் எழுதிவைத்தது சிறிய காரியமில்லை. லே ஷார்லோ அந்த உரிமையில் வளர்ந்தவர்கள். 1969இல் கான்ஸ்பூரும் ஜேன் பர்க்கினும் பாடிய 'ழ தெம் முவா நோன் ப்ளூ' பல நாடுகளின் வானொலிகளில் தடை செய்யப்பட்டு எங்கும் பேச்சாக இருந்தபோது, அதே ஆண்டில் 'சுவா எரோத்திக்' என்று அதன் பகடியைக் கொண்டுவந்தார்கள்.

*

இந்த இடத்தில் இசையைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். பகடிப் பாட்டு நன்றாக அமைய வாத்தியக்காரர் மூலப்பாட்டின் வாத்தியக்காரரைவிடக் குறைந்தவராக இருக்கக் கூடாது. கேட்பவர் முதல் சில நொடிகளில் இது இன்னாருடைய பாணி என்று நம்ப வேண்டும். நம்பிய பிறகுதான் வரிகள் அவரை இடறவைக்க முடியும். வாசிப்பு சொதப்பலாக இருந்தால் கேலி வாசிப்பவர் மேலேயே விழும். லே ஷார்லோ மேடையில் பிறருக்காக வாசித்துத் தேறியவர்கள். எந்த பாணியைச் சொன்னாலும் வாசிக்க முடிந்தவர்கள். சொன்னதைச் செய்வதில் அவர்கள் பெற்ற தேர்ச்சிதான் பின்னர் சொன்னவரையே கேலி செய்யும் கருவியாயிற்று.

நான்த் நகரில் 2000இல் தொடங்கிய 'உல்ட்ரா வோமி' குழுவிடமும் இதையே பார்க்கிறோம். கனத்த மெட்டல் இசையைப் பகடி செய்பவர்கள் அவர்கள். 2017இல் வந்த 'பான்ஸெர் சர்ப்ரீஸ்' தொகுப்பில் ஜெர்மனியின் ராம்ஸ்டைன் பாணியில் ஒரு பாட்டு இருக்கிறது. மென்மையான பாப் பாடகர் கலோஜெரோவையும் இடிமுழக்கமான கோஜிரா குழுவையும் ஒரே பாட்டில் பிணைத்த இன்னொன்றும் இருக்கிறது. மூலத்தை நேசிக்காதவரால் இவ்வளவு நுணுக்கமாகப் போலச்செய்ய முடியாது. மெட்டல் ரசிகர்களே அவர்களுடைய முதன்மை ரசிகர்களாக இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

*

1971க்குத் திரும்பலாம். 1968 மே, ஜூனில் பிரான்ஸில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். க்ரெனெல் பேச்சுவார்த்தையில் கூலி உயர்ந்தது. ஆனால் வரிசையில் நின்று இரும்பை அராவும் வேலை அப்படியேதான் இருந்தது. மேற்பார்வையாளரின் பார்வை அப்படியேதான் இருந்தது. கூலி கொடுப்பவரே வாழவைப்பவர் என்ற எண்ணத்தையும் யாரும் மாற்றவில்லை. தொழிலாளி உழைப்பைத் தருகிறார், முதலாளி கூலி தருகிறார். கணக்கில் இது ஒரு கொடுக்கல் வாங்கல். ஆனால் பேச்சில் மட்டும் ஒருவர் கொடையாளியாகவும் மற்றவர் நன்றிக்கடன் பட்டவராகவும் ஆகிவிடுகிறார்கள். 'மெர்சி பத்ரோன்' குறிவைத்தது இந்தப் பேச்சை.

எதிர்ப்புப் பாட்டு முதலாளி கெட்டவர் என்று சொல்லும். அதற்கு முதலாளியிடம் பதில் உண்டு: நான் இல்லாவிட்டால் உங்களுக்கு வேலை ஏது? 'மெர்சி பத்ரோன்' அந்தப் பதிலையே எடுத்துக்கொண்டது. ஆமாம், நீங்கள் இல்லாவிட்டால் எங்களுக்கு வாழ்வே இல்லை. ஆகவே இந்த இன்பத்தை நீங்களும் அனுபவியுங்கள். வாதத்தை மறுக்காமல் முழுவதுமாக ஒப்புக்கொண்டு அதன் கடைசி எல்லைவரை நடத்திச்சென்றால் அது தானாகவே கவிழ்ந்துவிடுகிறது. வஞ்சப்புகழ்ச்சி என்று நம் அணியிலக்கணம் சொல்லும் முறையின் ஆற்றல் இங்கே முழுதாக வெளிப்படுகிறது. புகழை மறுக்கப் புகழப்படுபவருக்கு வழியில்லை. சிரித்தால் ஒப்புக்கொண்டதாகும், கோபித்தாலும் ஒப்புக்கொண்டதாகும்.

பாட்டு கற்பனை செய்த இடமாற்றம் இரண்டே ஆண்டுகளில் ஒரு வகையில் நடந்தது. 1973இல் பெஸான்ஸோனில் லிப் கைக்கடிகார ஆலையில் ஆட்குறைப்புத் திட்டம் வெளியானபோது, தொழிலாளர்கள் ஆலையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு தாங்களே கடிகாரம் செய்து, தாங்களே விற்று, தங்களுக்குத் தாங்களே கூலி கொடுத்துக்கொண்டார்கள். ஒரு பாட்டு அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. முதலாளியின் கவலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற எண்ணம் அந்த நாட்டின் காற்றில் இருந்தது. லே ஷார்லோ அதைச் சிரிப்பாக முன்கூட்டியே பாடிவிட்டார்கள்.

*

குழுவின் பெரும்புகழ் திரையிலிருந்து வந்தது. 'லே பிடாஸ் ஆன் ஃபொலி' க்ளோத் ஸிதி இயக்கிய முதல் படம். குழுவின் மேலாளராக இருந்த கிறிஸ்தியான் ஃபெஷ்னெர் இந்தக் காலத்தில் திரைத் தயாரிப்பிலும் இறங்கி அவர்களுடைய படங்களை நடத்தினார். அவருடைய தம்பி ழான்-கி குழுவின் டிரம்ஸ் கலைஞராகியிருந்தார். 5 கோடிப் பேர் கொண்ட நாட்டில் அந்தப் படத்துக்கு 70 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றது. ராணுவ உத்தரவுகளுக்கு அவர்கள் கீழ்ப்படியும் விதம்தான் படத்தின் நகைச்சுவை. மறுக்கமாட்டார்கள், ஓடமாட்டார்கள். சொன்னதைச் செய்வார்கள், செய்து முடிப்பதற்குள் சொன்னவர் தவித்துப்போவார். ஹாஷெக் படைத்த சிப்பாய் ஷ்வெய்க் முதல் உலகப் போரில் செய்ததை இவர்கள் அமைதிக்கால முகாமில் செய்தார்கள். ஓராண்டு கட்டாய சேவையில் காலம் கழித்த, கழிக்கப்போகும் இளைஞர்கள் அரங்குகளை நிறைத்தார்கள்.

1972இல் 'லே ஃபூ து ஸ்தாத்', 1973இல் 'ல க்ரான் பஸார்'. பின்னதில் தெருமுனைக் கடைக்காரராக மிஷெல் கலாப்ரூ வருகிறார். எதிரே ஒரு பேரங்காடி திறக்கிறது, அதன் மேலாளர் மிஷெல் செரோல். நண்பர்கள் கடைக்காரரின் பக்கம். பாரிஸுக்கு அருகில் சேந்த்-ழெனெவியேவ்-தெ-புவாவில் 1963இல் கார்ஃபூர் தன் முதல் பேரங்காடியைத் திறந்ததிலிருந்து சிறு வணிகர்களின் அச்சம் வளர்ந்துகொண்டே இருந்தது. படம் வந்த அதே ஆண்டு டிசம்பரில் பெரிய கடைகளைக் கட்டுப்படுத்தும் ருவாயே சட்டம் நிறைவேறியது. திறனாய்வாளர்கள் மதிக்காத இந்தப் படங்கள் நாட்டின் உண்மையான கவலைகளைத் தொட்டுக்கொண்டிருந்தன. இவை 'கிரேஸி பாய்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரில் இந்தியத் திரையரங்குகளுக்கும் வந்தன. உத்தரவு போடுகிறவரும் அதை அளவுக்கு மேல் நிறைவேற்றுகிறவரும் எல்லா ஊரிலும் உண்டு என்பதால் மொழி தடையாக இருக்கவில்லை.

1970களின் நடுவில் ஃபெஷ்னெரோடு உறவு முறிந்தது. தம்பி அண்ணனோடு போனார். 1976இல் ஃபெஷ்னெரும் ஸிதியும் லூயி த ஃபூனேயை வைத்து 'லேல் ஊ லா குயிஸ்' எடுத்து வென்றார்கள். மிஞ்சிய மூவரும் படங்களைத் தொடர்ந்தார்கள். 1980இல் டிராகுலா வந்தார், 1983இல் பழைய ராணுவ முகாம் திரும்பிவந்தது. 1983இல் ஏரோபிக்ஸ் மோகத்தைப் பகடி செய்த 'லாபெரோபிக்' பாட்டு மீண்டும் ஒரு வெற்றி தந்தது. ஆனால் படங்கள் முன்போல் ஓடவில்லை. தயாரிப்பாளர் போனதும் வயது ஏறியதும் காரணங்கள்தான். அவற்றைவிட ஆழமான காரணம் ஒன்று எனக்குத் தெரிகிறது. ஆரம்பத்தில் அவர்கள் பகடி செய்த பணிவு அவர்களுடைய உண்மை நிலை. பின்னால் வாசித்தவர்கள், ராணுவத்துக்கு அழைக்கப்பட்டவர்கள், ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அவர்கள். பின்னர் அவர்கள் பணிந்தது தங்களுடைய பழைய வெற்றிக்கு. அந்தப் பணிவை அவர்கள் பகடி செய்யவில்லை. தான் கட்டுப்பட்டிருக்கும் ஒன்றை நோக்கித் திரும்பாத சிரிப்பு மெல்ல வெறும் சேட்டையாகிவிடுகிறது. ரினால்டி 1986இல் விலகினார். டிஸ்னியின் கூஃபிக்குப் பிரெஞ்சுக் குரல் கொடுத்துப் பல ஆண்டுகள் இரவல் குரலில் வாழ்ந்தார். 2012இல் காலமானார். ஃபிலிப்பெல்லி 2021இல் மறைந்தார்.

*

பாட்டு அவர்களைவிட நீண்டகாலம் வாழ்கிறது. 2016இல் பத்திரிகையாளர் ஃப்ரான்ஸுவா ருஃபேன் தன் ஆவணப்படத்துக்கு 'மெர்சி பத்ரோன்' என்று பெயரிட்டார். வட பிரான்ஸில் ஆடை ஆலை மூடப்பட்டு வேலையிழந்த ஒரு தம்பதியையும், அந்த ஆலைக்குப் பின்னால் இருந்த எல்விஎம்ஹெச் நிறுவனத்தின் தலைவர் பெர்னார் அர்னோவையும் பற்றிய படம் அது. ருஃபேன் எதிரியாக வரவில்லை. அர்னோவின் மீது அன்பு கொண்டவராக, அந்த அன்பை எழுதிய பனியனை அணிந்துகொண்டு, அவருக்கும் தொழிலாளர்களுக்கும் இடையே சமரசம் செய்யப் புறப்பட்டவராக வந்தார். லே ஷார்லோவிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது தலைப்பை மட்டுமில்லை, முறையையும்தான். நிறுவனம் அந்தத் தம்பதிக்கு இழப்பீடு தர நேர்ந்தது. அந்த ஆண்டு மார்ச் 31 இரவு, தொழிலாளர் சட்ட மாற்றத்தை எதிர்த்துப் பாரிஸின் ரெப்பப்ளிக் சதுக்கத்தில் கூடியவர்கள் கலையாமல் அங்கேயே தங்கினார்கள். 'நுயி தெபூ' இயக்கம் பிறந்த அந்த இரவில் சதுக்கத்தில் திரையிடப்பட்டது இந்தப் படம்தான். மறு ஆண்டு அது சிறந்த ஆவணப்படத்துக்கான செஸார் விருதைப் பெற்றது.

இதையெல்லாம் வெற்றி என்று எண்ணிப் பெருமைகொள்ள வேண்டியதில்லை. லிப் தொழிலாளர்களின் ஆலை சில ஆண்டுகளில் மீண்டும் வீழ்ந்தது. தொழிலாளர் சட்ட மாற்றமும் 2016இலேயே நிறைவேறியது. அர்னோவின் செல்வம் பின்னர் பெருகத்தான் செய்தது. பாட்டால் ஆலையைக் காப்பாற்ற முடியாது. பாட்டால் முடிந்தது வேறு. ஒருவருடைய உழைப்பைக் கூலிக்கு வாங்கலாம், அவருடைய நேரத்தை வாங்கலாம், அவருடைய மௌனத்தைக்கூட வாங்கலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக அதிகாரம் இன்னொன்றையும் எதிர்பார்க்கிறது: வாங்கப்பட்டவர் மனமாரத் தன்னை வாழ்த்த வேண்டும் என்று. அந்த வாழ்த்து கிடைக்கும்வரை அதற்குத் தன் நியாயம் முழுமையடைவதில்லை. 'மெர்சி பத்ரோன்' அந்த வாழ்த்தை இவ்வளவு நிறைவாக, இவ்வளவு உற்சாகமாகப் பாடிவிட்டதால், அந்த நாட்டில் எந்த முதலாளியும் தொழிலாளர்கள் தனக்கு நன்றி சொல்வதை இனிச் சந்தேகமில்லாமல் கேட்க முடியாது. கூலி வாங்கியவர்கள் நன்றியையும் தர வேண்டும் என்ற கணக்கு அங்கே முடிந்துவிட்டது.